ஒரு படி எத்தனை கிலோ?

சமையல் குறிப்புல "ஒரு உழக்கு"ன்னு இருந்தா கிராம்ல எவ்ளோ? எதோட உழக்குன்னு சொன்னாத்தான் விடை கிடைக்கும். 200 மில்லி டம்ளர்ல பச்சரிசி போட்டா சுமார் 160-170 கிராம். மைதா சுமார் 110 தான், அழுத்தினா ஏறிடும். அம்பத்தூர்ல எங்க பாட்டிக்கு இந்தக் கவலையே கிடையாது. இட்லிக்கு அரிசி நாலு, உளுந்து ஒண்ணு. எந்தப் பாத்திரத்துல அளந்தாலும் விகிதம் மாறாது.

பிரச்சினை, கொடுக்கல் வாங்கல்ல. 2 ஆழாக்கு ஒரு உழக்கு, 2 உழக்கு ஒரு உரி, 2 உரி ஒரு படி (அப்பவே பைனரி!). ஆனா அந்தப் படியைத் தலைதட்டி அளக்கறதா, குவிச்சு அளக்கறதா? கூலி நெல்லு அதுலயே கூடும், குறையும். பட்டணம் படி வேற, ஊர்ப்படி வேற. அதனாலதான் ராஜராஜன் காலத்துலயே தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுல, 'ஆடவல்லான்'ங்கற மரக்கால் 'ராஜகேசரி' மரக்காலுக்குச் சமம்னு தெளிவா வெட்டி வச்சாங்க.

மெட்ரிக் அளவைச் சட்டம் 1956ல வந்துச்சு. 1958 அக்டோபர்ல கிலோ புழக்கத்துக்கு வந்து, 1962ல கட்டாயமும் ஆச்சு. ஆனா 1967 தேர்தல்ல தி.மு.க. கிலோவைப் பத்திப் பேசலை. ரூபாய்க்கு மூணு படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம்னாங்க! ஜெயிச்சதும் அண்ணா சென்னையிலயும் கோவையிலயும் அந்த ஒரு படியை ஆரம்பிச்சு வச்சார். சட்டம் கிலோவுக்கு மாறி அஞ்சு வருஷம் ஆகியும், ஓட்டு போடறவங்க வீட்டு அரிசிப்பானைக்குள்ள கிடந்தது படியும் உழக்கும்தானே.