வாலாஜா நவாபின் கடன்

திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசலில் தொழும் நம்மில் பலர், அதற்குப் பெயர் தந்த ஆற்காடு நவாப் குடும்பத்தின் ஆட்சியைக் கடன் எவ்வாறு அரித்தது என்பதை அறிந்திருக்கமாட்டோம்.

1749 முதல் 1795 வரை ஆண்ட முஹம்மது அலி வாலாஜா, போர்ச் செலவுக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் செலுத்த வேண்டிய தொகைக்கும் அக்கம்பெனியின் ஊழியர்களிடமே வட்டிக்கு வாங்கினார். 1768இல் சேப்பாக்கத்தில் அரண்மனை எழுந்தது; அரசவைச் செலவு சுருங்கவில்லை. பழைய கடனுக்காகப் புதிய கடன் வாங்கி, ஈடாக நிலவரி வருவாயை எழுதிக் கொடுத்தார். சுமை உழவர்மீது இறங்கிற்று. 1785இல் எட்மண்ட் பர்க் இக்கடன்களைக் கண்டித்து லண்டன் நாடாளுமன்றத்தில் நெடிய உரையாற்றினார். கடனால் தளர்ந்த ஆட்சியை, திப்பு சுல்தானுடன் தொடர்பு என்ற குற்றச்சாட்டைக் காட்டி 1801இல் கம்பெனி கைப்பற்றியது.

பின்னர் அமைந்த ஆணையத்திடம் 3 கோடி பவுனுக்கு மேல் கடன் கோரப்பட்டது. ஏற்கப்பட்டதோ சுமார் 27 லட்சம் மட்டுமே! கடனைச் சாட்சிகளுடன் எழுதிவைக்கும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் பணிப்பதன் பயன் இங்கே விளங்குகிறது.

பெருங்குடியில் வாடகையும் மாதத் தவணையும் நெருக்கும் நம் குடும்பங்கள் செய்ய வேண்டியவை மூன்று. கடன் முழுவதையும் மனைவி மக்களறிய எழுதுவோம். அது தீரும்வரை விருந்து, நகை, புது வாகனம் ஆகியவற்றைத் தள்ளிவைப்போம். வட்டியை அடைக்க மீண்டும் வட்டிக்கு வாங்காதிருப்போம்.

இதில் இழிவேதுமில்லை. ஸுபைர் (ரலி) மறைந்தபின் அவர் மகன் அப்துல்லாஹ் (ரலி) நிலத்தை விற்றுத் தந்தையின் கடனை அடைத்தார். கடன் கொடுத்தோர் எவரேனும் எஞ்சியுள்ளனரா என நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜில் அறிவித்த பிறகே வாரிசுகளுக்குச் சொத்தைப் பங்கிட்டார்.