ஜீப்பில் வந்த டாங்க் எமன்

டாங்க்னா எல்லாருக்கும் தெரியும். டாங்க் டெஸ்ட்ராயர்? டாங்க்கை வேட்டையாடறதுக்குன்னே செஞ்ச வண்டி. இரண்டாம் உலகப்போர்ல அமெரிக்கா இதுக்குன்னு தனிப் படையே வெச்சிருந்தது. எம்-10, எம்-18 ஹெல்கேட், எம்-36. பெரிய பீரங்கி, மெல்லிசான கவசம், தலைக்கு மேல மூடிகூட கிடையாது. ஹெல்கேட் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டும். ஒளிஞ்சிருந்து அடி, உடனே ஓடு. டாங்க்கை அடிக்க டாங்க்கே போதும்னு 1946ல படையைக் கலைச்சிட்டாங்க.

ஆனா அந்த யோசனை சாகலை. 1965 செப்டம்பர்ல பஞ்சாப் கேம்கரன் பக்கம், அசல் உத்தர்ல, ஜீப் ஏறி வந்தது.

பாகிஸ்தானோட முதல் கவசப் படைப்பிரிவு பேட்டன் டாங்க்குகளோட உள்ளே வந்தது. ஒவ்வொண்ணும் 45 டன்னுக்குக் கிட்ட. நம்ம பக்கம் செஞ்சூரியன், பழைய ஷெர்மன், ஏ.எம்.எக்ஸ்-13. இந்த டாங்க் பிரிகேடுக்குத் தலைமை பிரிகேடியர் தியோகராஜ், பிறகு மகாவீர் சக்ரா வாங்கினவர். காலாட்படைக்கு இருந்தது ஜீப்ல பூட்டின 106 எம்.எம். ஆர்.சி.எல். பீரங்கி. (உண்மையில குழாய் 105 எம்.எம்.தான். பழைய 105 மாடலோட குண்டு மாறிப்போயிடக் கூடாதுன்னு 106னு பேர் வெச்சாங்களாம்!)

ஒரு ஜீப் எப்படி இவ்ளோ பெரிய பீரங்கியைத் தாங்குது? வெடிக்கிற வாயுவுல ஒரு பகுதி பின்பக்கமாவே வெளியேறிடும். அதனால உதைப்பு இல்லை, பீரங்கி எடை 200 கிலோ சொச்சம்தான். குண்டுக்கும் வேகம் முக்கியமில்லை. உள்ள குழிவா ஒரு உலோகக் கூம்பு. வெடிச்சதும் அது ஊசி மாதிரி பாய்ஞ்சு சுமார் 40 செ.மீ. எஃகைத் துளைக்கும்.

சிக்கல் எங்கேன்னா, அதே வாயு பின்னால புழுதியும் புகையும் கிளப்பி, 'நான் இங்கேதான் இருக்கேன்'னு காட்டிக்குடுத்திடும். ஒரு குண்டு, உடனே இடம் மாறணும். ஜீப்புக்குக் கவசம்னு தகரம்கூட இல்லை.

4வது கிரெனேடியர்ஸ் அப்துல் ஹமீது, கம்பெனி குவார்ட்டர்மாஸ்டர் ஹவில்தார். அதாவது ஸ்டோர் பார்க்கிற ஆள். சீமா கிராமத்துக்கிட்ட கரும்புக் காட்டுல ஜீப்பை மறைச்சு வெச்சு (நம்ம பெண்ணாடம் பக்கக் கரும்பை நினைச்சுக்குங்க, ஆளே தெரியாது) கிட்ட வர்ற வரைக்கும் காத்திருந்து அடிச்சார். எத்தனை டாங்க்ங்கறதுல கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். செப்டம்பர் 10ந்தேதி அவரோட ஜீப்பை எதிரி கண்டுபிடிச்சிட்டான். அப்பவும் சுட்டுக்கிட்டேதான் இருந்தார், எதிரி குண்டுலயே இறந்தார். பரம்வீர் சக்ரா.

வெற்றி ஜீப்பால மட்டும் இல்லைங்க. கால்வாயை வெட்டிவிட்டு வயல்ல தண்ணி நிரப்பினாங்க, பேட்டன் சேத்துல சிக்குச்சு. செஞ்சூரியனும் பக்கவாட்டுல அடிச்சது. 97 டாங்க் போச்சுங்கறது நம்ம கணக்கு. பிடிபட்டதைக் கொண்டுவந்து நிறுத்தின இடத்துக்குப் பேரே 'பேட்டன் நகர்'!

அந்தக் கூம்புக் குண்டுக்கு எதிரா பிறகு வந்த மருந்து எதுன்னு நினைக்கிறீங்க? எங்க விருத்தாசலத்துல பொம்மையும் ஃபியூஸ் கேரியரும் செய்யறோமே, அந்த வகைச் சாமான்தான்: பீங்கான். ரகம் வேற, உறுதி வேற. எஃகு நடுவுல அதை அடுக்கினா பாயற ஊசி சிதறிடும். பிரிட்டன்ல சோபம் கவசம். இங்கே ஆவடியில தயாரான அர்ஜுன் டாங்க்குல காஞ்சன் கவசம், ஹைதராபாத் காஞ்சன்பாக்ல உருவானதால அந்தப் பேர்.