சட்ராஸ்: சதுரங்கம் ஏறிய பட்டினம்

2022 ஜூலைக் கடைசியில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் மாமல்லபுரத்தில் தொடங்கியபோது, சதுரங்கத்துக்கும் நமக்கும் உள்ள பழைய உறவைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை மும்முரமாக நடந்தது. திருப்பூவனூரில் சதுரங்க வல்லபநாதர் எழுந்தருளியிருக்கும் சேதி அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. போட்டி நடந்த இடத்திலிருந்து கடலோரமாகத் தெற்கே சுமார் 15 கிலோமீட்டர் போனால், சதுரங்கப்பட்டினம் என்றே ஓர் ஊர் இருக்கிறது. இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?

வேண்டும். ஊர்ப்பெயர்களைப் பொறுத்தவரை, பார்த்தவுடன் பொருள் விளங்கும் பெயரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அந்த ஊரில் கடலைப் பார்த்தபடி ஒரு டச்சுக் கோட்டை இருக்கிறது. செங்கல் மதில், வாசலில் பீரங்கிகள், உள்ளே பாதி இடிந்த கிடங்குகள். மதிலுக்குள்ளேயே ஒரு கல்லறைத் தோட்டம். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுக் கற்களில் டச்சு எழுத்தும் குடும்பச் சின்னங்களும் அழகாக வெட்டப்பட்டிருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அண்ணன் குடும்பத்தோடு ஒருமுறை அங்கே போயிருந்தோம். ஐரோப்பாவில் அகழியும் தொங்குபாலமும் வைத்த கோட்டைகளைப் பார்த்து வந்த பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் ஏமாற்றம். “இதுல ராஜா எங்க சித்தப்பா இருந்தாரு?” என்று கேட்டான் சின்னவன். ராஜா இருக்கவில்லை, துணி இருந்தது. பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே பண்டகசாலை வைத்தது மெல்லிய மஸ்லின் துணிக்காகத்தான். மதில் அந்தச் சரக்குக்குக் காவல். தென்மாவட்டங்களில் நெல்லைக் ‘கோட்டை’ கணக்கில் அளப்பார்கள், விதைநெல்லை வைக்கோல் பிரியால் கோட்டை கட்டி வைப்பார்கள். இந்தக் கட்டடத்துக்கு அரண் என்ற பொருளைவிட அந்தக் கோட்டைதான் பொருத்தம் என்று எனக்குப் படுகிறது.

கோட்டைக்குள் யானை மேல் ஏறுவதற்குக் கட்டிய சரிவு மேடை என்று ஒன்றைக் காட்டுவார்கள். குதிரை லாயம் என்று இன்னொன்றையும் காட்டுவார்கள். யானை வந்துவிட்டது, குதிரை வந்துவிட்டது. தேரும் காலாளும் வர எவ்வளவு நேரமாகும்? நால்வகைப் படை நின்ற பட்டினம், அதனால் சதுரங்கப்பட்டினம். கதை கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் ஊர் கோட்டையைவிடப் பல நூற்றாண்டு மூத்தது.

பதினான்காம் நூற்றாண்டில் இந்தப் பகுதி சம்புவராயர் ஆட்சியில் இருந்தபோது, மன்னன் இராசநாராயணன் பெயரால் இது இராசநாராயணன் பட்டினம். ஊர்ப் பெருமாள் கோயிலில் இருப்பவர் மலைமண்டலப் பெருமாள். மலைமண்டலம் என்பது சேரநாட்டின் பழம்பெயர். கிழக்குக் கரையில் மேற்குக் கரையின் பெயரைத் தாங்கிய பெருமாள் இருக்கிறார் என்றால், வணிகர் நடமாட்டம் எந்த அளவுக்கு இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். இதே ஊருக்கு வழங்கிய இன்னொரு பழைய பெயர்தான் நமக்கு முக்கியம்: சதிரவாசகன் பட்டினம். சம்புவராயர் காலத்துத் தலைவன் ஒருவனின் பெயர் அது என்பார்கள். சதிர் என்றால் திறமை, நயம்; ஆட்டத்துக்கும் அந்தப் பெயர் உண்டு. வாசகன், பேசுகிறவன். மாணிக்கவாசகரில் இருக்கும் அதே வாசகன். நயம்படப் பேசுகிறவனின் பட்டினம் என்று பிரித்தால் இயல்பாகப் பிரிகிறது. யானையும் இல்லை, தேரும் இல்லை.

வெள்ளைக்காரர்கள் இந்த ஊரைச் சட்ராஸ் என்று எழுதினார்கள். 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் யூலும் பர்னெலும் இதற்கு ஒரு விளக்கம் தருகிறார்கள்: மெட்ராஸுக்கு எதுகையாக உருவான வடிவம் இது, சரியான பெயர் சதுரை, சிலர் அதை சத்ரஞ்சுப்பட்டினம் என்றும் ஆக்கிவிடுகிறார்கள். சத்ரஞ்சு என்பது சதுரங்கம் பாரசீகம் வழியாக அரபுக்குப் போய் எடுத்த உருவம். ஆக, 2022க்கு நூறாண்டுக்கு முன்பே இந்த ஊரில் காய் நகர்த்தப் பலர் ஆசைப்பட்டிருக்கிறார்கள்.

யூலிடமும் பர்னெலிடமும் எனக்கு இங்கே ஒரு வழக்கு உண்டு. சட்ராஸின் கடைசி ‘ஸ்’ மெட்ராஸிடம் கடன் வாங்கியது என்று ஏன் சொல்ல வேண்டும்? சதிரவாசகனிலேயே அந்தச் சகரம் இருக்கிறதே. பேச்சில் உயிர்களுக்கு நடுவே வகரம் கரைவது நாம் தினமும் செய்வது: கொண்டுவா, கொண்டா. ககரம் தேய்வதும் அப்படியே: மகன், மவன். சதிரவாசகன் பட்டினத்தை அவசரமாகச் சொல்லிப் பாருங்கள். சதிராசன்பட்டினம் என்றுதான் நாக்கில் வரும். அதிலிருந்து பட்டினத்தை வெட்டினால் சதிராஸ், சட்ராஸ். வெட்டுவதும் அவர்களுக்குப் புதிதல்ல. மதராசபட்டினத்தையே அப்படித்தான் மெட்ராஸ் ஆக்கினார்கள்.

மாறாக, சதிரவாசகனிலிருந்து சதுரங்கத்துக்குப் போக ஒலிவழி எதுவும் இல்லை. நடுவில் வந்து உட்கார்ந்திருக்கும் ‘ங்’ எந்தத் தேய்மானத்தாலும் பிறக்காது. பொருள் மறந்துபோன பெயரைக் கேட்டு, இது இன்னதாகத்தான் இருக்க வேண்டும் என்று படித்தவர் யாரோ திருத்தி எழுதினால்தான் பிறக்கும். ஆகவே என் தீர்ப்பு இது: அந்நியர் சிதைத்தது என்று நாம் நினைக்கும் சட்ராஸ் பழைய பெயருக்குக் கிட்டே நிற்கிறது, சுத்தத் தமிழ்ப் பெயர் என்று பலகையில் எழுதும் சதுரங்கப்பட்டினம் தள்ளி நிற்கிறது.

இந்த வட்டாரத்துக்கு இது பழக்கம்தான். பக்கத்து மாமல்லபுரத்தின் மாமல்லன், பல்லவன் நரசிம்மவர்மனின் பட்டப்பெயர். மல்லனை மறந்ததும் புராணத்திலிருந்து மகாபலியைக் கூட்டிவந்து மகாபலிபுரம் ஆக்கினார்கள். அங்கேயும் ஓர் ஆளின் பெயர் போய்க் கதை வந்தது. செங்கழுநீர்ப் பூவைக் கொண்ட செங்கல்பட்டு மட்டும் வேறு விதம். அது தேய்ந்ததே தவிரக் கதையாகவில்லை. இன்று அந்தப் பெயரைக் கேட்பவருக்குச் செங்கல் ஞாபகம் வருகிறது, பூ வருவதில்லை.

சட்ராஸ் என்ற பெயர் உலக வரலாற்றில் ஏறியது இரண்டு முறை. 1754 ஜனவரியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கர்நாடகப் போரை முடிக்கச் சமாதானம் பேச உட்கார்ந்தது இங்கேதான். டச்சுக்காரர் இடம் என்பதால் பொது இடம். ஆர்க்காட்டு நவாபாக முகமது அலியை ஏற்பதா இல்லையா என்பதில் பேச்சு முறிந்தது. 1781இல் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரி 17 அன்று ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி எட்வர்ட் ஹியூஸின் கப்பல்களும் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனின் கப்பல்களும் இதற்கு எதிரே மோதிய சண்டை, சட்ராஸ் போர் என்றே புத்தகங்களில் பதிவாகியிருக்கிறது. 1818இல் ஊர் டச்சுக்காரரிடம் திரும்பியது. 1824 உடன்படிக்கையால் மறு ஆண்டே ஆங்கிலேயரிடம் நிரந்தரமாகப் போனது.

பெரியவர்கள் இன்றும் பேச்சில் சட்ராஸ் என்கிறார்கள். அரசுத் தாளில் சதுரங்கப்பட்டினம். வெளியூர்க்காரர்களுக்கோ இந்த இரண்டும் தேவைப்படுவதில்லை. கல்பாக்கம் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள், அணுமின் நிலையத்தால். அந்த நிலையத்தின் இரண்டு உலைகளும் 1984இலும் 1986இலும் வணிக உற்பத்தியைத் தொடங்கின. ஆனால் அதன் அதிகாரப்பூர்வப் பெயரில் கல்பாக்கமும் இல்லை, சட்ராஸும் இல்லை. சென்னை அணுமின் நிலையம். ஆங்கிலத்தில் இன்னும் மெட்ராஸ்.