ஒரு வினாவால் மீண்ட நூல்கள்

நூலைத் தனித்திருந்து கற்பது ஒரு பயிற்சி. கற்றதைப் பிறரோடு கலந்து பேசுவது மற்றொரு பயிற்சி. தமிழ் மரபு இவ்விரண்டையும் ஒருங்கே போற்றி வந்துள்ளது. நன்னூல் செய்த பவணந்தி முனிவர் கல்வி நிறையும் முறையைக் கணக்கிட்டே சொல்லியிருக்கிறார். ஆசிரியர் உரைத்ததை நன்கு மனங்கொண்டாலும் மாணவனுக்குக் கிட்டுவது காற்கூறுதான். உடன் பயில்வோரோடு பழகி உசாவும்பொழுது இன்னொரு காற்கூறு வந்து சேரும். எஞ்சிய அரைக்கூறு, கற்றதைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போதே நிறைவுறும். ஆகவே, புலமையின் முக்காற்பங்கு பகிர்ந்துகொள்வதால் வருவது என்பது அவர் கருத்து. இக்கருத்து எத்துணை உண்மையானது என்பதைத் தமிழிலக்கிய வரலாற்றின் ஒரு நிகழ்ச்சி மெய்ப்பித்துக் காட்டுகிறது.

1880ஆம் ஆண்டில் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார் உ.வே. சாமிநாதையர். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். திருவாவடுதுறை ஆதீனத்தின் அன்பைப் பெற்றவர். அவ்வாண்டில் சேலம் இராமசாமி முதலியார் என்பவர் அவ்வூருக்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்தார். 21.10.1880 அன்று ஐயர் அவரைக் காணச் சென்றார்.

முதலியார் கேட்டவை எளிய வினாக்கள்: யாரிடம் கற்றீர்? என்னென்ன நூல்கள் கற்றீர்? ஐயர் தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் உலாக்களையும் கோவைகளையும் வரிசையாகச் சொன்னார். முதலியார் முகத்தில் வியப்பேதும் தோன்றவில்லை. புராணங்களையும் கம்பராமாயணத்தையும் சொன்னார். அப்போதும் அவர் நிறைவுகொள்ளவில்லை. இவற்றிற்கெல்லாம் முற்பட்ட நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் தெரியுமா என்று வினவினார். ஐயர் அந்நூல்களைப் படித்ததில்லை, கண்ணால் கண்டதுமில்லை.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். பல்லாண்டு உழைத்துக் கற்ற ஒருவர், கல்லூரி ஆசிரியர், தமிழ்த்தொழில் இல்லாத ஓர் அரசு அலுவலர்முன் ‘படித்ததில்லை’ என்று சொல்லும் நிலை. மழுப்பிப் பேசிவிட்டு வந்திருக்கலாம், சினந்து எழுந்திருக்கலாம். ஐயரோ, நூல் கிடைத்தால் படிக்கிறேன் என்றார். முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிப் படியை அவரிடம் தந்தார். முதலியாருக்கும் அந்நூல் தெளிவாக விளங்கியிருக்கவில்லை. அதனைத் தம்மோடு சேர்ந்து படிக்கத்தக்க ஒருவரையே அவர் தேடிக்கொண்டிருந்தார். ஆகவே, வினாவியவர் தேர்வாளர் அல்லர். துணை தேடிய வாசகர்.

சிந்தாமணி எளிதில் வசப்படவில்லை. அது திருத்தக்கதேவர் இயற்றிய சமண காப்பியம். அதன் சமயச் சொற்களும் கோட்பாடுகளும் சைவச் சூழலில் வளர்ந்த ஐயருக்குப் புதியவை. ஆனால், அதே கும்பகோணத்தில் வாழ்ந்த சைனர்கள் அந்நூலைத் தம் வீடுகளில் பக்தியோடு படித்தும் கேட்டும் வந்தனர். ஐயர் அவர்களை நாடிச் சென்று ஐயங்களைக் கேட்டறிந்தார். ஒரே ஊரில், ஒரு தெருவில் நாள்தோறும் ஓதப்பட்ட காப்பியம், வேறொரு தெருவில் வாழ்ந்த தமிழாசிரியருக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது! சமயவேலிகள் நூல்களையும் பிரித்து வைத்திருந்தன. ‘என்ன படித்தீர்?’ என்ற வினா அந்த வேலியில் ஒரு வாயிலைத் திறந்துவிட்டது.

அவ்வாயில் வேறு பல வாயில்களுக்கும் வழி காட்டியது. சிந்தாமணிக்கு உரை வரைந்த நச்சினார்க்கினியர், பழம்பாடல் வரிகள் பலவற்றை நூற்பெயர் சொல்லாமலே மேற்கோள் காட்டியிருந்தார். அவ்வரிகள் எந்நூலைச் சேர்ந்தவை எனத் தேடப் புகுந்த ஐயர், திருவாவடுதுறை மடத்துச் சுவடிகளிடையே பத்துப்பாட்டைக் கண்டறிந்தார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் வெளிவந்தன. யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம் பிள்ளை பதிப்பித்த கலித்தொகை வெளிவந்ததும் அதே 1887ஆம் ஆண்டில்தான். ஏடுகளைச் செல்லரிக்காமல் காத்தவர்கள் பலர் இருந்தனர். ஆயினும், காத்தவர்களும் கற்றவர்களும் ஒருவரையொருவர் வினவத் தொடங்கிய பின்னரே அந்நூல்கள் தமிழர் அனைவருக்கும் உரியனவாயின.

அந்த 1887ஆம் ஆண்டு நம் மண்ணுக்கும் நினைவிற்குரியது. அவ்வாண்டில்தான் மகுதூம் சாயபு சிங்கப்பூரில் ‘சிங்கைநேசன்’ இதழைத் தொடங்கினார்; அது 1890 வரை வெளிவந்தது. யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதரின் ‘சிங்கைநகர் அந்தாதி’யும் இங்கே அச்சானது அவ்வாண்டில்தான். அதற்கும் முன்பே, 1872இல், ‘முனாஜாத்துத் திரட்டு’ என்னும் இசுலாமியச் செய்யுள் நூல் சிங்கப்பூரில் அச்சிடப்பட்டிருக்கிறது. சிந்தாமணி அச்சான ஆண்டைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் நம் மாணவர்களில் எத்தனை பேர் இந்நூல்களின் பெயரையேனும் கேட்டிருப்பர்? அன்று கும்பகோணத்தில் இரு தெருக்களுக்கிடையே நின்ற வேலி, இன்று நமக்கும் நம் முன்னோரின் எழுத்துக்கும் இடையே நிற்கிறது.

அவ்வேலியைத் தாண்ட முயன்றவர்கள் இங்கும் உண்டு. 1952இல் ‘தமிழ் நேச’னின் ஆசிரியப் பொறுப்பேற்று மலாயாவுக்கு வந்த கு. அழகிரிசாமி, 1957இல் தாயகம் திரும்பும்வரை இளம் எழுத்தாளர்களைக் கூட்டி இலக்கிய வட்டம் நடத்தினார். படித்ததைச் சொல்லவும் எழுதியதைத் திருத்திக்கொள்ளவும் அது களமாயிற்று. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1977இல் ‘இலக்கியக் களம்’ அமைத்து, உள்ளூர்ப் படைப்புகளைக் கூடிப் படித்து ஆராயும் வழக்கத்தை வளர்த்தார். 1924இல் தோன்றிய ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றுபோயிற்று. இதழ்கள் நிற்கலாம்; கூடிப் படிக்கும் பழக்கம் நின்றுவிடலாகாது. ஏனெனில், வாசகரை இழந்த நூல் பேழையிலிருந்தாலும் மறைந்த நூலே.

ஆசிரியப் பெருமக்கள் வகுப்பில் கேட்கும் வினாக்கள் பெரும்பாலும் விடை தெரிந்த வினாக்கள். விடை தெரியாத வினா ஒன்றையும் வாரந்தோறும் கேட்டல் நன்று: ‘இப்பொழுது நீ என்ன நூல் படித்துக்கொண்டிருக்கிறாய்? அதில் உன்னைக் கவர்ந்தது எது?’ மாணவர்களும் தம் ஆசிரியர்களை இவ்வாறே கேட்கும் உரிமை பெறுதல் வேண்டும். கேட்கப்பட்டவர் சொல்லும் நூலை நாம் படித்திராவிட்டால் நாணத் தேவையில்லை. இருபத்தைந்து வயது ஆசிரியர் ஒருவர் கும்பகோணத்தில் சொன்ன விடையே நமக்கும் போதும்: நூலைத் தாருங்கள், படிக்கிறேன். தமிழன்னை இழந்த அணிகள் பலவும் அந்த விடையால்தான் அவள்பால் மீண்டன.