மிலானின் லுபேன்

மொரீஸ் லெப்லான் எழுதிய ஆர்சேன் லுபேன் கதைகளைப் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சிலேயே படித்த என் வயதுக்காரர்கள் புதுச்சேரியில் இன்னும் கொஞ்சம் பேர் இருக்கிறோம். கனவான் வேடத்துத் திருடன். எதிரில் நிற்பவரோடு சிரித்துப் பேசிக்கொண்டே அவர் பையிலிருப்பதை எடுத்துவிடுவான். இந்தப் பெயரை இத்தாலியில் மிலான் நகரத்து ரசிகர்கள் ஒரு கூடைப்பந்து ஆட்டக்காரருக்கு வைத்தார்கள். எதிரணிக்காரர் தட்டிக்கொண்டு வரும் பந்தை அவர் அறியாமலே பறித்துக்கொண்டு ஓடுவாராம். பெயர் மைக் டான்டோனி. அமெரிக்கர். பெரிய மீசைக்காரர்.

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா என்ற மாநிலத்தில், நிலக்கரியும் ரயிலும் வாழவைத்த மல்லன்ஸ் என்ற சிற்றூரில் 1951-இல் பிறந்தார். அப்பா உயர்நிலைப் பள்ளியில் கூடைப்பந்துப் பயிற்சியாளர். மார்ஷல் பல்கலைக்கழகத்தில் ஆடியபின் 1973-இல் கன்சாஸ் சிட்டி அணி இவரை எடுத்துக்கொண்டது. அங்கே பெரும்பாலும் பெஞ்சுதான். ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 4 புள்ளிகூடத் தேறவில்லை. அங்கிருந்து செயின்ட் லூயிஸ் அணிக்குப் போனார். அந்த அணி ஆடிய ஏ.பி.ஏ. என்ற போட்டி லீக்கே 1976-இல் மூடப்பட்டது. பிறகு சான் அன்டோனியோவில் ஆடியவை மொத்தம் 2 ஆட்டங்கள். இருபத்தாறு வயதில் சொந்த நாட்டில் அவருக்கு வேலை இல்லை.

1977-இல் மிலானுக்குப் போனார். அந்தக் காலத்தில் அமெரிக்க ஆட்டக்காரர்கள் ஐரோப்பாவுக்குப் போவது என்றால் ஒன்றிரண்டு வருடம் காசு பார்த்துவிட்டு ஊர் திரும்புவது என்றுதான் அர்த்தம். இவர் 1990 வரை, 13 வருடம், அதே அணியில் ஆடினார். அணி அதேதான், பெயர்தான் மாறிக்கொண்டே இருந்தது. யார் பணம் கொடுக்கிறார்களோ அவர்கள் பெயரை வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். பில்லி, சிமாக், ட்ரேசர், பிலிப்ஸ் என்று பழைய முடிவுகளைப் படிக்கும்போது நான்கு அணிகளோ என்று மயங்க வேண்டியிருக்கும். எல்லாம் ஒலிம்பியா மிலானோதான்.

இங்கே ஒரு காகித விஷயம் இருக்கிறது. குமாஸ்தாவாக வாழ்ந்தவனுக்கு அதைத் தாண்டிப் போக மனம் வராது. டான்டோனியின் தாத்தா இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர். அந்த வழியில் பேரனுக்கு இத்தாலியப் பிரஜாவுரிமை கிடைத்தது. 1980-களில் ஓர் இத்தாலிய அணியில் இரண்டு வெளிநாட்டார்தான் ஆடலாம். டான்டோனி காகிதப்படி இத்தாலியர் என்பதால் அந்த இரண்டு இடங்களையும் வேறு இரண்டு அமெரிக்கர்களுக்குக் கொடுக்க முடிந்தது. 1986-87 அணியில் பாப் மக்கடூ, கென் பார்லோ என்ற இருவரோடு இவரும் ஆடினார். மற்ற அணிகளுக்கு இரண்டு அமெரிக்கர், மிலானுக்கு நடைமுறையில் மூன்று!

புதுச்சேரிக்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும். 1962 ஆகஸ்ட் 16-இல் ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது, பிரெஞ்சுப் பிரஜையாகத் தொடர விரும்புகிறவர்கள் எழுதிக்கொடுக்க ஆறு மாதம் அவகாசம். தாத்தா கையெழுத்துப் போட்டாரா இல்லையா என்பதில் பேரன்களின் வாழ்க்கை இரண்டாகப் பிரிந்தது. பழைய எத்தா சிவில் பதிவேடுகளில் தாத்தாவின் பிறப்புப் பதிவைத் தேடித் தரச் சொல்லி என் மேசைக்கு எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். கிடைத்தவர் முகத்தையும் கிடைக்காதவர் முகத்தையும் பார்த்திருக்கிறேன். ஆகவே டான்டோனியின் வெற்றிகளில் பாதி அந்தத் தாத்தாவின் காகிதத்துக்குச் சேரும் என்பது என் கணக்கு. விளையாட்டுப் பத்திரிகைக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

மறுபாதி டேன் பீட்டர்சனுக்கு. இவரும் அமெரிக்கர்தான். சிலி நாட்டு அணிக்குப் பயிற்சி அளித்துவிட்டு இத்தாலிக்கு வந்தவர். 1978-இலிருந்து மிலானின் பயிற்சியாளர். பந்தையும் அணியையும் டான்டோனி கையில் கொடுத்துவிட்டார். சொந்த நாட்டில் பெஞ்சில் உட்கார்ந்தவர் இங்கே களத்தில் ஒவ்வொரு முறையும் என்ன செய்வது என்று முடிவெடுக்கிறவர் ஆனார். பயிற்சியாளர் வேலையை அவர் கற்றது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

அந்த அணியைப் பற்றி ஒரே ஒரு கதை சொல்வதென்றால் 1986-ஐத்தான் சொல்வேன். ஐரோப்பியக் கோப்பையில் கிரேக்கத்தின் அரிஸ் அணியோடு இரண்டு ஆட்டங்கள், புள்ளிகளைக் கூட்டி யார் முன்னால் என்று பார்ப்பார்கள். தெசலோனிகியில் நடந்த முதல் ஆட்டத்தில் மிலான் 98-67 என்று தோற்றது. 31 புள்ளி வித்தியாசம்! நிக்கோஸ் காலிஸ் என்ற அசகாயசூரர் அரிஸ் பக்கம் இருந்தார். மிலானின் தூண்களான டான்டோனிக்கும் மக்கடூவுக்கும் 35 வயது, தீனோ மெனெகீனுக்கு 36. விளையாட்டு உலகில் இது பென்ஷன் வயது. ஒரு வாரம் கழித்து மிலானில் இரண்டாவது ஆட்டம். பீட்டர்சன் தன் வழக்கமான 1-3-1 தடுப்பு வியூகத்தை விரித்தார். ஒருவர் முன்னால், மூவர் நடுவில் குறுக்கே, ஒருவர் கூடைக்கு அருகில். பந்தை அனுப்ப வழியில்லாமல் அரிஸ் திணறியது. முடிவு 83-49. வித்தியாசம் 34. மூன்று புள்ளியில் தப்பித்த அந்த அணி, 1987 ஏப்ரலில் லோசான் நகரத்தில் மக்காபி டெல் அவிவை 71-69 என்று வென்று கோப்பையை எடுத்தது. அடுத்த வருடமும் அதே கோப்பை, அதே மக்காபி, ஊர் மட்டும் பெல்ஜியத்தின் கென்ட். (1983-இல் பிரான்சில், கிரெனோபிளில், ஒரே ஒரு புள்ளியில் இந்தக் கோப்பையை மிலான் நழுவவிட்டிருந்தது.)

இத்தாலியில் அப்போது இன்னொரு அமெரிக்கக் குடும்பமும் இருந்தது. ஜோ பிரையன்ட் என்பவர் அங்கே ஊர் ஊராக ஆடிக்கொண்டிருந்தார். அவருடைய மகன் கோபி, டான்டோனியைப் பார்த்து வளர்ந்த பையன். பின்னாளில் தான் 8-ஆம் எண் சட்டை போட்டதற்கு டான்டோனியும் ஒரு காரணம் என்று சொன்னார். 2012-இல் அந்த டான்டோனியே அவருக்குப் பயிற்சியாளராக லாஸ் ஏஞ்சல்ஸ் வந்து சேர்ந்தபோது கோபியின் எண் 24 ஆகிவிட்டிருந்தது.

ஆட்டத்தை விட்டதும் 1990-இல் மிலானுக்கே பயிற்சியாளர். பிறகு திரேவீசோ. அங்கே 1997-இல் இத்தாலியச் சாம்பியன் பட்டம். இதை நம்பி அமெரிக்காவின் டென்வர் அணி அழைத்தது. 50 ஆட்டங்களில் 14 வெற்றி, 36 தோல்வி. ஒரே பருவத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சொந்த நாடு இரண்டாவது முறையாகக் கைவிட்டது. மனுஷர் மறுபடி திரேவீசோவுக்கே போய் 2002-இல் மறுபடி சாம்பியன் ஆனார்.

அதன்பின் ஃபீனிக்ஸ். 2004-இல் ஸ்டீவ் நாஷ் என்ற பாயின்ட் கார்டு அங்கே வந்தார். முந்தைய பருவத்தில் 29 ஆட்டம் வென்ற அணி அடுத்த பருவத்தில் 62 வென்றது. பந்து கைக்கு வந்தால் ஒரு தாக்குதலுக்கு 24 வினாடி உண்டு. டான்டோனி ஏழு வினாடிக்குள் எறியச் சொன்னார். கூடைக்கடியில் இரண்டு ராட்சதர்களை நிறுத்தும் பழக்கத்தை விட்டு, ஆட்களை மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே பரப்பினார். இது கிறுக்குத்தனம் என்று முதலில் சொன்னவர்கள் உண்டு. தடுப்பு வியூகங்களை உடைக்கத் தூரத்திலிருந்து எறிந்தே ஆக வேண்டும் என்பது ஐரோப்பாவில் பழைய பாடம். அமெரிக்க லீக் அப்படிப்பட்ட வியூகங்களை அனுமதித்ததே 2001-இல்தான். அவர்களுக்கு இந்த விஷயம் இறக்குமதிச் சரக்கு. இன்று எல்லா அணிகளும் இப்படித்தான் ஆடுகின்றன.

அமெரிக்காவில் அவருக்குச் சாம்பியன் பட்டம் மட்டும் வாய்க்கவில்லை. 2018-இல் ஹூஸ்டன் அணியை வைத்துக்கொண்டு 65 ஆட்டம் வென்றார். இறுதிக்கு முந்தைய சுற்றின் ஏழாவது ஆட்டத்தில், தூரத்திலிருந்து எறிந்த 27 பந்துகள் வரிசையாகத் தவறின. இருபத்தேழு! அந்த இரவைப் பற்றி மேலே எழுத எனக்கு விருப்பமில்லை.

அதே 2018-இன் மார்ச் மாதத்தில் அவர் வீட்டில் வேறொரு நல்ல காரியம் நடந்தது. அண்ணன் டேன் டான்டோனி, ஒரு பள்ளிக்கூடத்தில் சுமார் முப்பது வருடம் பயிற்சியாளராக இருந்தவர். தம்பி பெரிய அணிகளுக்குப் போனபோது அவருக்கு உதவியாளராகப் போனார். அறுபதைத் தாண்டியபின், இருவரும் படித்த மார்ஷல் பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சியாளரானார். கோட்டுக்குள் டீ சட்டை போட்டுக்கொண்டு களத்தோரம் நிற்பார். அந்தப் பல்கலைக்கழகம் தேசியப் போட்டியில் அதுவரை ஓர் ஆட்டம்கூட வென்றதில்லை. அந்த மார்ச்சில் விச்சிட்டா அணியை 81-75 என்று வென்றது. அண்ணனுக்கு அப்போது வயது 70.