செயற்கை நுண்ணறிவு விளம்பர ஆக்கம்

செயற்கை நுண்ணறிவு விளம்பர ஆக்கம் என்பது வணிகப் பொருள்களுக்கான விளம்பர வாசகம், படம், குரல், காணொளி ஆகியவற்றைக் கணினி நிரல்களின் துணையுடன் உருவாக்கும் முறை.

வகைகள்: வாசக ஆக்கம், பட ஆக்கம், குரல் ஆக்கம், காணொளி ஆக்கம் என நான்காகப் பகுக்கலாம். பொருளின் தன்மை, வாங்குவோர், மொழி ஆகியவற்றை விவரித்து இடும் கட்டளைக்கேற்ப நிரல் பல வடிவங்களைத் தரும். அவற்றிலிருந்து தேர்ந்து திருத்துவது மனிதர் பணி.

வரலாறு: 2021 தீபாவளியையொட்டி மாண்டலீஸ் இந்தியா நிறுவனத்தின் கேட்பரி செலிபரேஷன்ஸ் சாக்லேட்டுக்காக ஓகில்வி விளம்பர நிறுவனம் உருவாக்கிய விளம்பரத் தொடர் இந்தியாவின் முன்னோடி எடுத்துக்காட்டு. ரீஃப்ரேஸ் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தால், நடிகர் ஷாருக் கான் தங்கள் கடைப் பெயரைச் சொல்வதுபோன்ற காணொளியைச் சிறு வணிகர்கள் உருவாக்கிக்கொண்டனர். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி என்னும் உரையாடல் நிரல் வெளியானபின் இம்முறை பரவலாயிற்று. ரீஃப்ரேஸை அடோபி நிறுவனம் 2023-இல் கையகப்படுத்தியது.

முக்கியத்துவம்: இம்முறை படப்பிடிப்புச் செலவின்றிச் சிறு கடைகளும் விளம்பரம் செய்ய வழிவகுக்கிறது. எனினும், காஞ்சிபுரம் பட்டு போன்ற புவிசார் குறியீடு பெற்ற பொருள்களில் நிரல் வரையும் படம் உண்மையான நெசவிலிருந்து வேறுபடக்கூடும்.

சட்டம்: நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, எம்முறையில் உருவாக்கப்பட்டாலும், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதன்முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.