மூலைக் கொடியருகே ஓர் ஆடல்: றொஜர் மில்லாவின் நடனமும் அதன் வரலாற்றுப் பின்புலமும்

வெற்றிக் களிப்பை உடலசைவினால் வெளிப்படுத்துதல் மனித குலத்துக்குப் புதியதொன்றன்று. போரில் வென்ற மன்னனின் தேருக்கு முன்னும் பின்னும் நிகழ்ந்த குரவைகளைத் தொல்காப்பியம் வாகைத் திணையுள் வைத்துப் பேசுகின்றது. ஆயினும், நவீன விளையாட்டரங்கில் வீரனொருவன் ஆடும் நடனத்தைத் தனிமனிதனின் கணநேர உணர்ச்சியாகவே நாம் கருதிவிடுகின்றோம். அதற்கும் ஒரு சமூக வரலாறு உண்டென்பதை, கமரூன் நாட்டு உதைபந்தாட்ட வீரர் றொஜர் மில்லாவின் நடனத்தைக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1990ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டிகள் இத்தாலியில் நடைபெற்றன. அப்போது மில்லாவுக்கு வயது 38. இந்து சமுத்திரத்திலுள்ள றீயூனியன் தீவிற் சிறு கழகமொன்றுக்கு ஆடிவந்த அவரை, நாட்டின் சனாதிபதி போல் பியாவே மீண்டும் தேசிய அணிக்கு அழைப்பித்தார். யூன் 14ஆந் திகதி பாரி நகரில் ருமேனியாவுக்கு எதிராகப் பதிலாட்டக்காரராக இறங்கி இரு கோல்களைப் போட்டார். யூன் 23ஆந் திகதி நேப்பிள்சிற் கொலம்பியாவுக்கு எதிராக மேலும் இரு கோல்கள். கோல் விழுந்ததும் மூலைக் கொடியை நோக்கி ஓடி, ஒரு கையை வயிற்றில் வைத்து, மறுகையை உயர்த்தி, இடையை அசைத்து அவர் ஆடினார். தொலைக்காட்சி வாயிலாக உலகமே அதனைக் கண்டது.

இவ்வாடலைப் பலரும் மகோசாவோடு தொடர்புபடுத்துவர். மகோசா என்பது கமரூனின் துறைமுக நகரான டுவாலாவில் வளர்ந்த நகர்ப்புற இசை. ஆடலைக் குறிக்கும் டுவாலா மொழிச் சொல்லினின்றும் பிறந்தது அதன் பெயர். இவ்விசையை உலகறியச் செய்தவர் அந்நகரிற் பிறந்த மனு டிபாங்கோ ஆவார். 1972இல் ஆபிரிக்கக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டி கமரூனில் நடைபெற்றபோது, அதற்கென அவர் இயற்றிய பாடல் வெளிவந்த இசைத்தட்டின் மறுபக்கத்திலேயே ‘சோல் மகோசா’ முதலில் இடம்பெற்றது. போட்டிக்கான பாடலை உலகம் மறந்தது. மறுபக்கத்துப் பாடலோ அமெரிக்க நடனக் கூடங்கள் வரை சென்றது. மில்லா மூலைக் கொடியருகே ஆடுவதற்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்னரே மகோசாவும் உதைபந்தும் ஒரே இசைத்தட்டில் இணைந்திருந்தன என்பது மனங்கொள்ளத்தக்கது.

இந்நடனம் பெற்ற முக்கியத்துவத்தை விளங்கிக்கொள்ள ஆபிரிக்க உதைபந்தாட்டம் அடைந்த அவமதிப்புக்களையும் நோக்குதல் வேண்டும். நேரடி இடமொன்று வழங்கப்படாமையை எதிர்த்து 1966ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தை ஆபிரிக்க நாடுகள் பகிஷ்கரித்தன. 1974இல் சயர் அணி யூகோசிலாவியாவிடம் ஒன்பது கோல்களால் தோற்றபோது அது ஏளனத்துக்கே இலக்காயிற்று. 1982இற் கமரூன் ஓர் ஆட்டத்திலேனும் தோற்காமலே முதற் சுற்றுடன் வெளியேறியது. இத்தகைய பின்னணியில், 1990இல் நடப்புச் சம்பியனான ஆர்ஜென்ரீனாவை வென்று, காலிறுதியை அடைந்த முதல் ஆபிரிக்க அணியாகக் கமரூன் திகழ்ந்தது. காலிறுதியில் இங்கிலாந்திடம் மேலதிக நேரத்தில் 3-2 எனத் தோற்றபோதிலும், அடுத்த உலகக் கிண்ணத்தில் ஆபிரிக்காவுக்குரிய இடங்கள் இரண்டிலிருந்து மூன்றாக உயர்ந்தன. எனவே அவ்வாடல் ஒரு கண்டம் தன் வரவை அறிவித்த குரல் எனின் மிகையாகாது.

மில்லாவுக்கு முன்னரும் ஆடியோர் உளர். அமெரிக்க உதைபந்தாட்டத்தில் எல்மோ றைற் 1973இலேயே புள்ளி பெற்றதும் நடனமாடினார். ஆயின் 1990இன் பின்னரே இவ்வழக்கம் உலகெங்கும் வேகமாகப் பரவியது. 1994இற் பிறேசிலின் பெபெற்றோ, பிறந்த தன் குழந்தையைத் தாலாட்டுவதுபோற் கைகளை அசைக்க, சக வீரர் இருவர் இருபுறமும் சேர்ந்துகொண்டனர். 2010இற் தென்னாபிரிக்காவின் சிபிவே சபலாலா முதற் கோலைப் போட்டதும் அணியினர் ஒரு வரிசையாக நின்று ஆடினர். அதே ஆண்டு, குளிர்பான நிறுவனமொன்று மில்லாவின் நடனத்தைத் தன் விளம்பரத்துக்குப் பயன்படுத்தியது. மக்களின் ஆடல் சந்தைப் பொருளாகும் நியதிக்கு இதுவும் விலக்காகவில்லை.

களிப்பு எங்கும் வரவேற்கப்பட்டதெனக் கூறுதற்கில்லை. அமெரிக்கத் தேசிய உதைபந்தாட்டச் சங்கம் 1984இல் மிகையான கொண்டாட்டங்களைத் தடைசெய்து, 2017இலேயே விதிகளைப் பெரிதும் தளர்த்தியது. 2022இற் பிறேசில் வீரர் வினீசியஸ் யூனியரின் நடனத்தை ஸ்பானியத் தொலைக்காட்சி விவாதமொன்றில் ஒருவர் குரங்குச் சேட்டையோடு ஒப்பிட்டார். தாம் ஆடுவதை நிறுத்தப்போவதில்லை என்பதே அவ்வீரரின் மறுமொழி. ‘எதிரணிக்கு மரியாதையின்மை’ என்ற குற்றச்சாட்டு பெரும்பாலும் கறுப்பின வீரரின் உடலையே நோக்கி எழுவது தற்செயலன்று.

இவ்விடத்து எம் அனுபவமொன்றும் நினைவுகூரத்தக்கது. 2012 ஒக்ரோபர் 7ஆந் திகதி, கொழும்பு பிரேமதாச மைதானத்தில் இலங்கையை 36 ஓட்டங்களால் வென்ற மேற்கிந்தியத் தீவுகளின் வீரர்கள், அவ்வாண்டு கொரியாவிலிருந்து உலகெங்கும் பரவிய ‘கங்னம்’ நடனத்தை ஆடினர். தோற்றவர் நாம், ஆடியவர் அவர். எனினும் அவ்வாடல் எம்மை இழிவுசெய்ததாகக் கொள்வதற்கு நியாயமில்லை. நெடுங்காலம் வெற்றி காணாதிருந்தோரின் மகிழ்ச்சியே அது. வென்றவன் எவ்வாறு மகிழவேண்டும் என விதிக்கும் உரிமை யாருக்குண்டு என்ற வினாவை மில்லாவின் ஆடல் எழுப்பியது. அவ்வினா இன்றும் மூலைக் கொடியருகே நிற்கின்றது.